இகேர் கஸியாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்தில் ஸ்பெயின் 2008, 2010, 2012 என்று வரிசையாக மூன்று பெரிய கோப்பைகளை வாங்கியதை நேரலையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு துண்டு வீடியோக்களில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். அந்த அணியின் கோல்கீப்பரைப் பற்றி இரு தரப்பும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

பேரு கேசில்லாஸா, கஸியாஸா? எப்படித்தான் சொல்றது?

கஸியாஸ். ஸ்பானிஷில் இரண்டு ‘எல்’ சேர்ந்து வந்தால் இன்று பெரும்பாலான ஸ்பானியர்கள் ‘ய’ போலத்தான் ஒலிக்கிறார்கள். ஆங்கில எழுத்தை அப்படியே கூட்டிப் படிப்பதால்தான் ‘கேசில்லாஸ்’ வருகிறது.

முழுப் பெயர் இகேர் கஸியாஸ் ஃபெர்னாண்டஸ். இகேர் என்பது பாஸ்க் பெயர். அதை வைத்துப் பலர் அவரை பாஸ்க் பகுதிக்காரர் என்று நினைக்கிறார்கள். அவர் பிறந்தது மாட்ரிட்டை ஒட்டிய மோஸ்தோலெஸ் என்ற ஊரில், 1981 மே 20 அன்று.

மொத்தத்துல என்ன சாதிச்சார்? சுருக்கமா சொல்லுங்க.

ரியல் மாட்ரிட்டுக்கு 725 ஆட்டங்கள். ஸ்பெயின் உள்நாட்டு லீக்கான லா லிகாவில் 5 பட்டங்கள், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 3 (2000, 2002, 2014), ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயில் 2. பிறகு போர்த்துகலின் போர்ட்டோ அணிக்கு 156 ஆட்டங்கள், அங்கே 2 லீக் பட்டங்கள். ஸ்பெயினுக்கு 167 ஆட்டங்கள். 2008 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ மூன்றையும் கேப்டனாக மேலே தூக்கியவர் அவர்தான்.

இந்தப் பட்டியலைவிட நாங்கள் பெரிதாக நினைக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த மூன்று போட்டிகளிலும் சேர்த்து ஸ்பெயின் ஆடிய நாக்அவுட் ஆட்டங்கள், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டங்கள், 10. அவற்றில் மூன்று கூடுதல் நேரத்துக்குப் போனவை. ஆக 990 நிமிடங்கள். அதில் ஸ்பெயின் வாங்கிய கோல் பூஜ்யம். பத்து ஆட்டங்களிலும் வலைக்கு முன்னால் நின்றவர் கஸியாஸ்.

பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே ரியல் மாட்ரிட் கூப்பிட்டுச்சாமே, நிஜமா?

நிஜம். ஒன்பது வயதில், 1990-ல், ரியல் மாட்ரிட்டின் சிறுவர் அணியில் சேர்ந்தார். 1997 நவம்பரில் நார்வேயின் ரோஸன்போர்க் அணியோடு சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் இருந்தது. காயத்தால் கீப்பர் ஆள் குறைந்தது. 16 வயதுப் பையனை வகுப்பிலிருந்து வெளியே அழைத்து, விமானத்துக்குக் கிளம்பச் சொன்னார்கள். போனார், பெஞ்சில் உட்கார்ந்தார், ஆடவில்லை.

முதல் அணிக்காக நிஜமாகவே ஆடியது 1999 செப்டம்பர் 12 அன்று, பில்பாவோவின் சான் மாமெஸ் மைதானத்தில். முதன்மைக் கீப்பர் போடோ இல்க்னருக்குக் காயம். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் அவர் நிலையான கீப்பர் ஆகிவிட்டார். 2000 மே 24 அன்று பாரிஸில் வலென்சியாவை 3-0 என்று வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் நின்றபோது, பத்தொன்பது வயது முடிந்து நான்கு நாள்.

2002 ஃபைனல்ல அவர் பாதியிலதான் இறங்கினார்னு சொல்றாங்க. நம்பர் ஒன் கீப்பர் ஏன் பெஞ்சுல இருந்தார்?

அப்போது அவர் நம்பர் ஒன் இல்லை. 2001-02 பருவத்தின் நடுவே இடத்தை செஸார் சான்செஸிடம் இழந்துவிட்டார். கீப்பர் வேலையில் இருக்கிற கொடுமை இது. நடுக்கள வீரருக்கு மூன்று நான்கு இடம் உண்டு, ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் நுழையலாம். கீப்பருக்கு ஒரே இடம். ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டியதுதான்.

2002 மே 15, கிளாஸ்கோ. பயர் லெவர்குசனோடு இறுதி ஆட்டம், ஸிடான் இடது காலால் அடித்த அந்தப் புகழ்பெற்ற கோலால் ரியல் 2-1 முன்னிலை. 68-வது நிமிடத்தில் செஸாருக்குக் காயம். கஸியாஸ் சட்டைக் கைகளைக் கத்தரிக்கோலால் அவசரமாக வெட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். கடைசி நிமிடங்களில் லெவர்குசன் மொத்தமாக ஏறி வந்து அடித்தது. மிக அருகிலிருந்து வந்த மூன்று பந்துகளைத் தடுத்தார், அதில் ஒன்று காலால். விசில் ஊதியதும் மைதானத்திலேயே அழுதார். அதற்குப் பிறகு பத்து வருடம் அந்த இடம் கைமாறவில்லை.

2002 உலகக் கோப்பையில பாட்டில் விழுந்து இன்னொரு கீப்பருக்கு அடிபட்டதாலதான் சான்ஸ் கிடைச்சுதாமே?

ஆமாம். ஸ்பெயினின் முதன்மைக் கீப்பராகப் போகவிருந்தவர் சாந்தியாகோ கன்யிஸாரெஸ். உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு, விடுதி அறையில் வாசனைத் திரவியக் குப்பி கை தவறி விழுந்து உடைந்தது. கண்ணாடி பாதத்தின் தசைநாரை வெட்டிவிட்டது. கிளாஸ்கோ இறுதி ஆட்டம் முடிந்த அதே மே மாதம்தான் இதுவும் நடந்தது. மாதத் தொடக்கத்தில் தன் கிளப்பிலேயே இரண்டாம் கீப்பராக இருந்தவர், மாத முடிவில் நாட்டின் முதல் கீப்பர்.

வாய்ப்பு விபத்தில் வந்தது. தக்கவைத்தது விபத்து இல்லை. அயர்லாந்தோடு நாக்அவுட் ஆட்டத்தில் இயன் ஹார்ட் அடித்த பெனால்டியை ஆட்ட நேரத்திலேயே தடுத்தார். 1-1 என்று சமனாகி, மாறி மாறிப் பெனால்டி அடித்து முடிவு செய்யும் ஷூட்அவுட்டுக்குப் போனதும் மேலும் இரண்டைத் தடுத்தார். அப்போது வயது 21.

ஆள் ஒண்ணும் அவ்வளவு உயரம் இல்லையே, எப்படி இவ்வளவு நல்ல கீப்பர்?

உயரம் சுமார் 1.82 மீட்டர். இன்றைய முன்னணிக் கீப்பர்கள் பலர் 1.90-ஐத் தாண்டுகிறார்கள், அதனால் கேள்வி நியாயமானது. அவருடைய பலம் முதல் அடியின் வேகம். பந்து திசை மாறினால் உடம்பு முழுவதும் சேர்ந்து நகரும். கை மட்டும் நீளாது. 2009 அக்டோபரில் செவிய்யாவோடு நடந்த ஆட்டத்தில் பெரோத்தி அடித்ததைத் தடுத்த வீடியோவைப் பாருங்கள். பந்து கோல்முகத்தைக் கடந்து மறுபக்கம் போகிறது, பெரோத்திக்கு முன்னால் வலை காலி. கஸியாஸ் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு ஓடி, சில மீட்டர் தூரத்தில் அடித்த பந்துக்கு உடம்பைக் கொடுக்கிறார். 1970-ல் பெலேயின் தலையடியைத் தடுத்த கோர்டன் பேங்க்ஸே இதைப் பாராட்டினார். அந்த ஆட்டத்தில் ரியல் தோற்றது வேறு விஷயம்.

பலவீனமும் இருந்தது. பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் கிராஸ் பந்துகளுக்கு அவர் கோல் கோட்டிலிருந்து அதிகம் வெளியே வரமாட்டார். வந்தால் சில சமயம் நடுவழியில் மாட்டிக்கொள்வார். தன் எல்லை தெரிந்து கோட்டிலேயே நின்று, தலைக்கு மேலே வருவதைத் தடுப்பாட்டக்காரர்களிடம் விட்டுவிடுவது அவருடைய வழக்கம். காலால் பந்தைப் பகிர்வதிலும் சக ஸ்பெயின் கீப்பர்களான வால்டெஸ், ரெய்னா அளவுக்குக் கிடையாது. இந்த இரண்டையும் மறைத்து அவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 2014-ஐப் பற்றிய கேள்வியில் இது திரும்ப வரும்.

2010 ஃபைனல்ல ரோபன் அடிச்சது கால்ல பட்டது வெறும் லக்தானே?

பாதி சரி. நெதர்லாந்தோடு உலகக் கோப்பை இறுதி ஆட்டம், 62-வது நிமிடம், கோல் இன்னும் விழவில்லை. ஸ்னைடர் தந்த பாஸில் ரோபன் தன்னந்தனியாக வருகிறார். கஸியாஸ் முன்னேறி வந்து ஒரு பக்கம் விழ ஆரம்பித்துவிட்டார். பந்து மறுபக்கம் போகிறது. பின்னால் விட்டிருந்த வலது காலின் நுனியில் பட்டு, கம்பத்துக்கு வெளியே ஓடிவிடுகிறது. திசையை அவர் தப்பாகத்தான் கணித்தார்.

மீதிப் பாதி வேலைத்திறன். கோல் அகலம் 7.32 மீட்டர். பந்து நேர் எதிரே 12 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டிலேயே நிற்கும் கீப்பர் 7.32 மீட்டரையும் காக்க வேண்டும். பந்துக்கு 4 மீட்டர் தூரம்வரை நெருங்கிவிட்டால் காக்க வேண்டிய அகலம் 2.44 மீட்டர்தான். காலும் கையும் விரித்தால் கிட்டத்தட்ட அடங்கிவிடும். அதோடு, நெருக்கத்தில் பட்ட பந்து சின்னத் திசைமாற்றத்திலேயே கம்பத்தைத் தாண்டி வெளியே போகும். கோட்டருகே பட்டிருந்தால் உள்ளேயே உருண்டிருக்கும்.

இளம் கீப்பர்கள் இங்கே செய்யும் தப்பு இரண்டு. அடிப்பவரின் கால் பந்தைத் தொடும் நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. பந்து அவர் காலைவிட்டு விலகியிருக்கும்போது ஓட வேண்டும், அவர் கால் ஓங்கும்போது நின்றுவிட வேண்டும். இரண்டாவது, விழும்போது இரண்டு காலையும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு விழுவது. கஸியாஸ் பின்காலை நிறுத்திவிட்டு விழுந்தார். உலகக் கோப்பை அந்தக் காலில்தான் தொங்கியது. 83-வது நிமிடத்தில் ரோபன் ஸ்பெயின் தடுப்பாட்டக்காரர் புயோலைத் தாண்டி மறுபடி வந்தார். அந்தத் தடவை கஸியாஸ் அவர் காலடியிலிருந்தே பந்தைப் பொறுக்கிக்கொண்டார், அதிர்ஷ்டம் தேவைப்படவில்லை. 116-வது நிமிடத்தில் ஸ்பெயினின் இனியஸ்டா கோல் அடித்தார்.

பெனால்டியில எந்தப் பக்கம் அடிப்பாங்கன்னு முன்கூட்டியே தெரியுமா?

சில சமயம் தெரியும். 2010 காலிறுதியில் பராகுவேயின் ஒஸ்கார் கார்டோஸோ பெனால்டி அடிக்க வந்தார். அவர் பென்ஃபிகா கிளப்புக்கு ஆடியவர். அதே வருடம் லிவர்பூலோடு ஆடியபோது எதிரே நின்ற கீப்பர் ரெய்னா. ஸ்பெயின் அணியில் மாற்றுக் கீப்பராக இருந்ததும் அதே ரெய்னா. அவர் சொன்ன பக்கம் பாய்ந்துதான் பந்தைப் பிடித்ததாகக் கஸியாஸே ஆட்டம் முடிந்ததும் நன்றி சொன்னார். தடுத்தது மட்டுமில்லை, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துவிட்டார். எதிராளிக்கு மறுஅடி வாய்ப்பே இல்லை. ஸ்பெயின் 1-0 என்று வென்றது.

தெரியாத சமயங்களும் உண்டு. 1986, 1996, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஸ்பெயின் காலிறுதியில் ஷூட்அவுட்டில் தோற்று வெளியேறியது. மூன்றும் ஜூன் 22-ஆம் தேதி. மூன்றாவது தென்கொரியாவோடு, அன்று நின்ற கீப்பர் கஸியாஸ், ஒன்றையும் தடுக்கவில்லை. 2008 யூரோ காலிறுதி, இத்தாலியோடு, 0-0, ஷூட்அவுட், தேதி மறுபடி ஜூன் 22. டே ரோஸ்ஸி, டி நதாலே இருவரின் அடியையும் தடுத்தார். 4-2. ஸ்பெயின் கால்பந்து அன்றைக்கு மாறியது என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம். அதற்குப் பிறகு வந்த கோப்பைகள் எல்லாம் அந்த இரவின் பிள்ளைகள்.

2010-ல சுவிட்சர்லாந்துகிட்ட தோத்ததுக்கு அவரோட காதலிதான் காரணமா?

இல்லை. சாரா கார்போனேரோ தொலைக்காட்சி நிருபர், வேலை நிமித்தம் மைதானத்தில் இருந்தார். அவரால் கவனம் சிதறியது என்று சில பத்திரிகைகள் எழுதின. அன்று விழுந்த கோல், கீப்பரும் தடுப்பாட்டக்காரர்களும் எதிராளியும் ஒன்றாகச் சரிந்த குழப்பத்தில் கெல்சன் ஃபெர்னாண்டஸ் தள்ளியது. அதற்குப் பிறகு மீதி ஆறு ஆட்டங்களில் கஸியாஸ் வாங்கியது ஒரே ஒரு கோல், சிலியிடம். போட்டியின் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறையும் அவருக்கே. கோப்பை வாங்கிய இரவில் அதே நிருபர் நேரலையில் பேட்டி எடுத்தபோது கஸியாஸ் அவரை முத்தமிட்டார்.

லா லிகாவுல பெஸ்ட் கீப்பருக்கான ஸமோரா விருது ஒரே தடவைதான் வாங்கியிருக்கார். வால்டெஸ் அஞ்சு தடவை. அப்புறம் எப்படி இவர் பெஸ்ட்?

ஸமோரா விருது நடுவர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பது இல்லை, அது ஒரு வகுத்தல் கணக்கு. வாங்கிய கோல்களை ஆடிய ஆட்டங்களால் வகுப்பார்கள். குறைந்தது 28 ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் 60 நிமிடமாவது ஆடியிருக்க வேண்டும். மிகக் குறைந்த விகிதம் யாருக்கோ அவருக்கு விருது. கஸியாஸ் வாங்கியது 2007-08 பருவத்தில்.

இந்தக் கணக்கில் கீப்பரை நோக்கி எத்தனை அடி வந்தது என்பது சேராது. வால்டெஸின் பார்சிலோனா பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் அணி. கஸியாஸின் ரியல் 2000-களில் முன்னால் நட்சத்திரங்களும் பின்னால் ஓட்டையுமாக ஆடிய அணி. வால்டெஸ் அருமையான கீப்பர், அதில் சந்தேகமில்லை. இருவரையும் இந்த ஒரு எண்ணால் அளப்பதுதான் தப்பு.

மோரின்யோ ஏன் அவரை உட்கார வெச்சார்?

அப்போது ரியலின் பயிற்சியாளராக இருந்த மோரின்யோ வெளியில் சொன்ன காரணம், மற்றக் கீப்பர் நல்ல நிலையில் இருக்கிறார் என்பது. பின்னணியில் 2011-ல் பார்சிலோனாவோடு நடந்த சண்டைகள் உண்டு. ஸ்பெயின் அணிக்குள் பிளவு வரக்கூடாது என்று கஸியாஸ் பார்சிலோனா வீரர் சாவி ஹெர்னாண்டஸைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். இருவரும் நாட்டுக்காகச் சேர்ந்து ஆடுபவர்கள். 2012-ல் இருவருக்கும் சேர்த்து அஸ்தூரியாஸ் இளவரசர் விருது கிடைத்தது. ரியலின் உள்ளே எல்லோரும் அந்த அழைப்பை ரசிக்கவில்லை.

நடந்த வரிசை இதுதான். 2012 டிசம்பர் 22, மாலகாவோடு ஆட்டம், கேப்டன் கஸியாஸை விட்டுவிட்டு மாற்றுக் கீப்பர் அதானை இறக்கினார் மோரின்யோ. தோல்வி, 2-3. ஜனவரி 6 அன்றும் அதான்தான், ஆனால் ஆறாவது நிமிடத்தில் சிவப்பு அட்டை, கஸியாஸ் உள்ளே வந்தார். ஜனவரி 23, வலென்சியாவோடு ஆட்டத்தில் தன் அணி வீரர் அர்பெலோவாவின் கால் பட்டு இடது கை எலும்பு முறிந்தது. உடனே செவிய்யாவிலிருந்து கீப்பர் தியேகோ லோபெஸை வாங்கினார்கள். கை ஆறிய பிறகும் அந்தப் பருவத்தில் அவருக்கு இடம் திரும்பவில்லை. செஸாரின் காயத்தில் திறந்த கதவு, தன் காயத்தில் மூடியது. அடுத்த பருவத்தில் புதிய பயிற்சியாளர் அன்செலோட்டி லீக் ஆட்டங்களை லோபெஸுக்கும், சாம்பியன்ஸ் லீக்கையும் கோபாவையும் கஸியாஸுக்கும் பிரித்துக்கொடுத்தார்.

2014-ல திடீர்னு ஏன் அப்படிச் சொதப்பினார்?

திடீரென்று இல்லை. மேலே சொன்ன பழைய பலவீனங்கள், ஆட்டப் பழக்கம் குறைந்த நேரத்தில் ஒன்றாக வெளியே வந்தன. மே 24, லிஸ்பன், அத்லெதிகோவோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி. 36-வது நிமிடத்தில், கார்னரிலிருந்து திரும்பி வந்த உயரப் பந்துக்கு வெளியே வந்து நடுவழியில் நின்றுவிட்டார். அத்லெதிகோவின் கோதின் தலையால் தட்டியது மேலே போய்க் கோல் கோட்டைத் தாண்டியது. 93-வது நிமிடத்தில் ரியல் தடுப்பாட்டக்காரர் ராமோஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ரியல் 4-1 என்று வென்றதால் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார்.

மூன்று வாரம் கழித்து உலகக் கோப்பையில் அப்படி யாரும் காப்பாற்றவில்லை. நெதர்லாந்திடம் 1-5. அதில் நான்காவது கோல், தனக்குத் திரும்பி வந்த பாஸைக் காலால் அடக்க முடியாமல் வான் பெர்சியிடம் கொடுத்தது. அடுத்து சிலியிடம் 0-2. இரண்டாவது கோலில், சான்செஸின் ஃப்ரீகிக்கைப் பெனால்டி பெட்டியின் நடுவுக்கே குத்திவிட்டார், அரான்கிஸ் அதை உள்ளே தள்ளினார். குத்தும் பந்தைப் பக்கவாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது கீப்பருக்கு முதல் வருடப் பாடம். கணம் பிந்தினால் முஷ்டி பந்தின் ஓரத்தில் படாமல் நடுவில் படும், பந்தும் நடுவுக்கே திரும்பும். 2010-ல் ஏழு ஆட்டங்களில் 2 கோல் வாங்கியவர், 2014-ல் இரண்டு ஆட்டங்களில் 7.

ரியல் மாட்ரிட் அவரைத் தனியா உட்கார வெச்சு அனுப்பிடுச்சே, ஏன்?

2015 ஜூலை 12 அன்று ரியலின் பெர்னபெயு மைதானத்தின் செய்தியாளர் அறையில், மேசைக்குப் பின்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, காகிதத்தில் எழுதி வந்ததைப் படித்தார். நடுவில் அழுகை வந்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். பக்கத்தில் கிளப் நிர்வாகிகள் யாரும் இல்லை. விமர்சனம் கிளம்பியதும் மறுநாள் தலைவரோடு, கோப்பைகளை வரிசையாக வைத்து, இன்னொரு விழா நடத்தினார்கள். 25 வருடம் அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு முதல் நாளே அது கிடைத்திருக்க வேண்டும்.

போர்ட்டோவுக்கு ஓய்வெடுக்கப் போனார் என்று சொல்வதும் சரியில்லை. 2017 அக்டோபரில் பயிற்சியாளர் கோன்செய்சாவ் அவரை உட்கார வைத்து ஜோசே சா என்ற கீப்பரை இறக்கினார். அதே பருவத்தில் இடத்தை மீட்டு லீக் பட்டமும் வாங்கினார்.

ஹார்ட் அட்டாக் ஆட்டத்துலயா வந்துச்சு? அதுக்கப்புறம் ஆடினாரா?

ஆட்டத்தில் இல்லை. 2019 மே 1 அன்று பயிற்சியின்போது வந்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்ததால் பிழைத்தார், வயது 37. அதன்பின் போட்டி ஆட்டம் எதுவும் ஆடவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று ஓய்வை அறிவித்தார். அந்த வருடக் கடைசியில் ரியல் மாட்ரிட் அறக்கட்டளையில் பொறுப்பேற்றுப் பழைய வீட்டுக்கே திரும்பினார்.

கீப்பிங் கத்துக்கற பையனுக்கு அவரோட எந்த மேட்சைக் காட்டலாம்?

முதலில் 2011 ஏப்ரல் 20, கோபா இறுதி, பார்சிலோனாவோடு. இரண்டாம் பாதியைத் தனியாகப் போட்டு, மெஸ்ஸி, பெத்ரோ, இனியஸ்டா அடிகளின்போது அவர் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பாய்வதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒரு அடி வைத்துக்கொள்வார். அந்த அடியில்தான் தூரம் கிடைக்கிறது.

பிறகு சிலியோடு 2014-ல் குத்திய பந்தைக் காட்டுங்கள். நல்லதை மட்டும் பார்த்து யாரும் கீப்பர் ஆவதில்லை. கடைசியாக கிளாஸ்கோவின் 68-வது நிமிடத்திலிருந்து, அவர் சட்டைக் கையைக் கத்தரித்துக்கொண்டு எழும் இடத்திலிருந்து போடுங்கள்.